மூடின பெட்டியும் அறுத்த கூரையும்: ஹாபியை ‘முதலீடு’ன்னு சொல்றதை நிறுத்துவோம்



இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் பாலிசி, புது வரி முறை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் கார் பத்திப் பேசப் போறேன். நம்ம சேனல்ல வீடியோ பாக்குறவங்களுக்குத் தெரியும், என் பின்னாடி அலமாரியில மட்கார்டு இல்லாம, பானெட் இல்லாம, கூரை தாழ்ந்து ஒரு மங்கல் கறுப்புக் கார் நிக்கும். அது பொம்மை கடையில வாங்கினது இல்லை. 1932 ஃபோர்டு கூப், 1/25 அளவு பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, கூரையை அறுத்து, பழைய பாணி ஹாட் ராடா நானே கட்டினது.

அதைப் பத்தி ரெண்டு விதமான மெசேஜ் வருது. ஒண்ணு, “சார், நீங்களே இப்படிக் காசை வேஸ்ட் பண்றீங்களே, இதை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா?” இன்னொண்ணு, “சார், இந்த கிட் எல்லாம் பிற்காலத்துல நல்ல விலைக்குப் போகுமாமே, இன்வெஸ்ட்மென்டா வாங்கி வைக்கலாமா?” முதல் கேள்விக்குச் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிடலாம். ரெண்டாவது கேள்விதான் எனக்குக் கவலையா இருக்கு. என்னைக் கேட்டா அது ஆபத்தானது. ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஹாட் ராட்னா என்னன்னு கொஞ்சம் பாக்கணும். அது தெரியாம இந்தக் கணக்கு புரியாது.

1932ல ஃபோர்டு கம்பெனி சாதாரண ஆள் வாங்கற விலையில ஒரு வி8 என்ஜின் காரை விட்டாங்க. ரோட்ஸ்டர் மாடல் 500 டாலருக்கும் கீழே. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்னைக்கு நம்ம ஊர் சின்ன ஹேட்ச்பேக்லயே அதை விட அதிகம் இருக்கும், ஆனா அந்த விலைக்கு அன்னைக்கு அது பெரிய விஷயம். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு இந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்கு வந்துருச்சு. தெற்கு கலிஃபோர்னியா பசங்க, அதுல பலர் ரெண்டாம் உலகப் போர்ல இருந்து திரும்பினவங்க, இதைச் சல்லிசா வாங்கினாங்க. வேகம் வேணும்னா எடை குறையணும். மட்கார்டைக் கழட்டு, பானெட்டைக் கழட்டு, பம்பரைக் கழட்டு. காத்து தடுக்கக் கூடாதுன்னா கூரையை அறுத்து தாழ்த்து. இதுக்குப் பேர் சாப். பாடியைச் சேஸ் மேல வைக்காம, தரையை வெட்டி சேஸைச் சுத்திக் கீழ இறக்கினா அது சேனல். பிரேக் வேணும்னா 1939க்கு அப்புறம் வந்த ஃபோர்டோட ஹைட்ராலிக் பிரேக். என்ஜின் பத்தலைன்னா பெரிய மெர்குரி வி8. எல்லாம் வேற கார்ல இருந்து கழட்டினது.

மூரோக், எல் மிராஜ்னு காஞ்ச ஏரிப் படுகைகள்ல கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பாங்க. அதை முறைப்படுத்த 1937லயே ஒரு சங்கம் வந்துச்சு, தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். 1948 ஜனவரில ‘ஹாட் ராட்’ பத்திரிகை. 1949ல போன்வில் உப்பு வெளியில முதல் வேக வாரம். பில் பர்க்னு ஒருத்தர் போர் விமானத்துல கழட்டிப் போடற பெட்ரோல் டேங்கை, அரசாங்கம் உபரின்னு தள்ளிவிட்டதை வாங்கி, அதுக்குள்ள என்ஜினை வச்சு ரேஸ் காரே பண்ணிட்டார். குப்பையில இருந்து வந்த ஐடியா, இன்னைக்கும் அந்த வடிவத்துல வண்டி ஓடுது.

பல கார்கள் வெறும் பிரைமர் பூச்சோட, மங்கலாவே ஓடுச்சு. ஸ்டைலுக்காக இல்லை, பெயின்ட்டுக்குக் காசு இல்லை. இருந்த காசு என்ஜினுக்குப் போச்சு. அந்த மங்கல் கறுப்பைத்தான் இன்னைக்கு ‘ஓல்டு ஸ்கூல் லுக்’னு சொல்றோம்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். மிஷிகன் மாநிலத்துல ஏஎம்டின்னு ஒரு கம்பெனி. 1958ல இருந்து ‘3 இன் 1’னு கிட் விட்டாங்க. ஒரே பெட்டிக்குள்ள கம்பெனியில இருந்து வந்த மாதிரி கட்டலாம், கஸ்டமா கட்டலாம், இல்லை ரேஸ் காரா கட்டலாம். மூணுக்கும் பாகம் உள்ளேயே இருக்கும். ரெவல் கம்பெனி எட் ராத்ங்கற கஸ்டம் கார் பைத்தியத்தோட ‘அவுட்லா’, ‘பீட்னிக் பேண்டிட்’ கார்களைக் கிட்டா விட்டுச்சு. ராத்துக்கு ஒரு கிட்டுக்கு 1 சென்ட் ராயல்டி. 1963ல மட்டும் அது 32,000 டாலர் வந்துச்சாம். கணக்குப் போட்டுப் பாருங்க, 32 லட்சம் பெட்டி. (ராயல்டி வருமானம் பத்தி தனி வீடியோ இருக்கு, அதைப் பாக்காதவங்க பாருங்க.)

இந்த ‘3 இன் 1’ விஷயத்தைக் கொஞ்சம் கவனிங்க, ஏன்னா என் வாதமே இதுலதான் நிக்குது. ஒரு பெட்டியை ஒரு விதமாத்தானே கட்ட முடியும்? அப்போ மீதி ரெண்டு விதத்துக்கான சக்கரம், பம்பர், கார்புரேட்டர், சீட் எல்லாம் மிஞ்சும். அது ஒரு டப்பாவுக்குப் போகும். மாடல் கட்டறவங்க அதைப் பார்ட்ஸ் பாக்ஸ்னு சொல்வாங்க. நாலு கார் கட்டினா அந்த டப்பாவுல அஞ்சாவது காருக்கு என்ஜினும் சக்கரமும் ரெடி. அந்தக் காலத்துப் பசங்களுக்குக் காயலான் கடை எப்படியோ, மாடல் கட்டறவனுக்கு இந்த டப்பா அப்படி. என் கறுப்புக் கார்ல முன் அச்சு ஒரு கிட்டு, பின் சக்கரம் இன்னொரு கிட்டு, பாடி மூணாவது கிட்டு.

டப்பா எப்போ நிறையும்? பெட்டியைத் திறந்தாத்தான் நிறையும்.

இப்போ கட்டற விஷயம். இதை நான் கொஞ்சம் நீளமா சொல்லப் போறேன், எனக்குப் பிடிச்ச பகுதி, பொறுத்துக்கோங்க.

நிஜக் கார்ல கூரையை 3 அங்குலம் தாழ்த்தணும்னா, 1/25 அளவுல அது 3 மில்லிமீட்டர். அவ்ளோதான். ஆனா அந்த 3 மில்லிமீட்டர் காரோட முகத்தையே மாத்திடும், சாதுவான குடும்பக் கார் முறைக்க ஆரம்பிச்சிடும். ஜன்னல் தூண்கள்ல மாஸ்கிங் டேப் ஒட்டி ரெண்டு கோடு போடணும். மேல் கோடு, கீழ் கோடு, நடுவுல 3 மில்லிமீட்டர். மெல்லிய பல்லு ரம்பத்தால கோட்டுக்கு வெளியில அறுக்காம, உள்பக்கமாவே அறுத்து, மீதியை உப்புத்தாள்ல தேய்ச்சுக் கொண்டு வரணும். அவசரப்பட்டா ஒரு தூண் குட்டையாயிடும், அப்புறம் நாலையும் குட்டையாக்கணும்.

1932 ஃபோர்டுல ஒரு நல்ல விஷயம், முன் கண்ணாடித் தூண் கிட்டத்தட்ட நேரா நிக்கும். அதனால அறுத்துக் கீழ இறக்கினா பெரிசா விலகாது. இதே 1949 மெர்குரின்னா தூண்கள் சாய்ஞ்சு நிக்கும், இறக்கினதும் மேலும் கீழும் பொருந்தாது, கூரையை நீட்டணும், பின் கண்ணாடியைச் சாய்க்கணும். முதல் கார்லயே அதைத் தொட வேண்டாம்.

ஒட்டறதுக்கு ஃபெவிக்விக் வேண்டாம். பாலிஸ்டைரீனைக் கரைச்சு ஒட்டற திரவ சிமென்ட்னு தனியா இருக்கு, அது ரெண்டு பக்கத்தையும் உருக்கி ஒண்ணாக்கிடும், வெல்டிங் மாதிரி. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுப் பண்ணுங்க, ஆவி தலைவலி கொடுக்கும். காஞ்ச பிறகு இணைப்புல பட்டி பார்த்து, 320, 400, 600னு உப்புத்தாள். நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில பாக்குற அதே வேலை, விரல் நுனி அளவுல.

கிட்டுல வந்த கண்ணாடி இப்போ உயரம் அதிகம். பென்டிரைவோ டூத்பிரஷ்ஷோ வாங்கும்போது வர்ற தெளிவான பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அதை வெட்டிப் பொருத்திக்கலாம். ஸ்பார்க் பிளக் ஒயர் வேணுமா? பாகங்கள் ஒட்டிக்கிட்டு வர்ற சட்டத்துல ஒரு துண்டை மெழுகுவர்த்தி மேல காட்டி, இளகினதும் ரெண்டு பக்கமும் மெதுவா இழுத்தா முடி மாதிரி நூல் வரும். பிளாட்ஹெட் வி8ல எட்டு பிளக், ஒரு பக்கம் நாலு, தலைக்கு மேலயே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினுக்கு முன்னாடி. எட்டு ஒயரையும் அங்க கொண்டு போய்ச் சேர்த்தா, பாக்கறவங்க அதைத்தான் முதல்ல பாப்பாங்க. செலவு பூஜ்யம்.

பெயின்ட்? பளபளப்பு வேணும்னா ஏர்பிரஷ், கம்ப்ரஸர், மெருகேத்தற பேஸ்ட், தூசி இல்லாத இடம்னு பட்டியல் போயிட்டே இருக்கும். பழைய பாணி ஹாட் ராடுக்கு ஒரு பிரைமர் ஸ்பிரே டப்பா, ஒரு மேட் பிளாக் ஸ்பிரே டப்பா. முடிஞ்சது. வாடகை வீட்டு பால்கனியில அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு அடிச்சிடலாம். முதல் காரா இந்த ஸ்டைலை எடுங்கன்னு நான் சொல்றதுக்கு அழகு மட்டும் காரணம் இல்லை. செலவு ரொம்பக் கம்மியா முடியற ஸ்டைல் இது.

இப்போ கணக்கு. கிட் 3,500 ரூபாய்னு வச்சுக்குவோம். சிமென்ட், பட்டி, உப்புத்தாள், ரெண்டு டப்பா பெயின்ட் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 5,000. நிதானமா கட்டினா 60 மணி நேரம். மணிக்கு 83 ரூபாய். மால்ல ரெண்டரை மணி நேரப் படத்துக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் போட்டா எவ்ளோ வருதுன்னு நீங்களே பாருங்க.

வாரம் 5 மணி நேரம் உக்காந்தா ஒரு காருக்கு 12 வாரம். வருஷத்துக்கு நாலு கார். 20,000 ரூபாய். மாசம் சுமார் 1,700.

இங்கதான் முதல் கோஷ்டி கால்குலேட்டரோட வரும். “மாசம் 1,700, 12 சதவீதம், 30 வருஷம், 60 லட்சம்! உங்க பிளாஸ்டிக் கார் 60 லட்சம் சார்!” தம்ப்நெயில்ல சிவப்பு எழுத்துல போட வசதியான நம்பர். கணக்கு தப்பும் இல்லை. ஆனா அதே கால்குலேட்டர்ல பணவீக்கம்னு ஒரு பட்டன் இருக்கே, அதை ஏன் அழுத்தறதில்லை? 6 சதவீதம் போட்டா அந்த 60 லட்சம் இன்னைய மதிப்புல பத்தரை லட்சம். அதுவும் 12 சதவீதம் 30 வருஷமும் கிடைச்சா. பத்தரை லட்சமும் காசுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கையில 50,000 சம்பளம் வாங்கறவர் டேர்ம் பாலிசி எடுத்து, ஹெல்த் பாலிசி எடுத்து, ஆறு மாசச் செலவைத் தனியா வச்சு, எஸ்ஐபியும் போனதுக்கு அப்புறம் மூன்றரை சதவீதத்தை மனசுக்குப் பிடிச்ச வேலைக்குச் செலவு பண்றார்னா, அவரைக் குத்தவாளி மாதிரி நடத்தற நிதி ஆலோசனை எனக்குப் பிடிக்கல. சம்பாதிக்கறது எதுக்குன்னு அவங்களும் யோசிக்கணும்.

இதுல எனக்கும் அந்த கோஷ்டிக்கும் சண்டை சின்னது. ரெண்டாவது கோஷ்டியோடதான் பெரிய சண்டை.

நம்ம சேனல் பாக்குற ஒரு தம்பி, வயசு 27, ஐடி வேலை. ஊர், பேர் சொல்லல, அவர் அனுமதியோட எழுதறேன். மூணு வருஷத்துல 40 கிட் வாங்கியிருக்கார். எல்லாம் அமெரிக்கக் கார், பாதிக்கு மேல ஹாட் ராட். ஒண்ணைக் கூடத் திறக்கல. மேல் பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சா மதிப்பு போயிடும்னு எங்கயோ படிச்சிருக்கார். மொத்தம் 1,40,000 ரூபாய். எக்ஸெல் ஷீட்டுல ‘அசெட்’னு ஒரு காலம் போட்டு, ஒவ்வொரு கிட்டுக்கும் வெளிநாட்டுல எவ்ளோ விலை கேக்குறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். அந்தக் கணக்குப்படி மதிப்பு ரெண்டேகால் லட்சம். எமர்ஜென்சி ஃபண்ட்? “அதான் சார் இது இருக்கே.”

அவங்க அப்பாவுக்கு ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் போக உடனே 90,000 வேணும். தம்பி கிட்டுகளை விக்கப் பாத்தார். ரெண்டு மாசத்துல ஆறு பெட்டி போச்சு. பேக்கிங், கூரியர் எல்லாம் போக கையில வந்தது 13,000. அந்த ஆறுக்கு அவர் கொடுத்தது 21,000. ஆஸ்பத்திரி ரெண்டு மாசம் காத்திருக்குமா? பர்சனல் லோன் எடுத்தார். அதுக்கான ஈஎம்ஐ இன்னும் ஓடிட்டு இருக்கு. அம்மா பரணைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லலையாம். “திட்டியிருந்தா கூடப் பரவால்ல சார்”னு எழுதியிருந்தார்.

தம்பி செஞ்சது ஊதாரித்தனம் இல்லை. அவர் ஒரு சேமிப்பாளர், தப்பான இடத்துல சேமிச்சார். ‘முதலீடு’ங்கற ஒரு வார்த்தை அவரோட மனசாட்சிக்கு மயக்க மருந்து கொடுத்திடுச்சு. செலவுன்னு நினைச்சிருந்தா ஏழாவது பெட்டியில கை நின்னிருக்கும். சொத்துன்னு நினைச்சதால நாப்பதுலயும் நிக்கல.

கேக்குற விலை வேற, போற விலை வேற. இது வீட்டு மனைக்கும் பொருந்தும், பிளாஸ்டிக் காருக்கும் பொருந்தும். ஒரு கிட்டை 6,000க்குப் பட்டியல் போட்டு ரெண்டு வருஷமா ஒருத்தர் வச்சிருந்தா அதோட மதிப்பு 6,000 இல்லை. நாங்க கணக்குத் துறையில சரக்கை எப்படி மதிப்பிடுவோம்னா, வாங்கின விலை, வித்தா கையில நிக்கிற தொகை, ரெண்டுல எது குறைவோ அதுதான். தம்பியோட எக்ஸெல்ல ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு ஆசை விலை இருந்துச்சு. இன்னொண்ணும் பாருங்க: 40 பெட்டி, வருஷத்துக்கு நாலு வேகத்துல கட்டினா கூடப் பத்து வருஷ ஸ்டாக். எந்தக் கடைக்காரராவது பத்து வருஷ ஸ்டாக் வச்சிருந்தா ஆடிட்டர் என்ன கேப்பார்?

இதை விட முக்கியமான ஒண்ணு, அச்சு. தங்கத்தைப் புதுசா உருவாக்க முடியாது. பழைய தபால் தலையை அதே மாதிரி திரும்ப வெளியிட மாட்டாங்க. ஆனா பிளாஸ்டிக் கிட் எஃகு அச்சுல வருது. அச்சு இருக்கறவரைக்கும் எத்தனை லட்சம் வேணும்னாலும் திரும்ப ஊத்தலாம். ஏஎம்டியோட பேரும் அச்சுகளும் இப்போ ரவுண்ட் 2ன்னு ஒரு கம்பெனிகிட்ட இருக்கு. அவங்க தொழிலே பழைய கிட்டுகளைத் திரும்ப வெளியிடறதுதான். பழைய பெட்டியில இருந்த அதே ஓவியத்தோட. நீங்க அபூர்வம்னு எட்டு வருஷம் பரண்ல வச்சிருந்த கார், ஒரு நாள் புதுப் பிளாஸ்டிக் வாசனையோட, புது டெக்கலோட, சாதாரண விலைக்குக் கடைக்கு வரும். கட்டறவன் அதை வாங்குவானா, உங்களோட மஞ்சளாகிப் போன டெக்கலை வாங்குவானா?

“கம்பெனி மூடிட்டா அபூர்வமாயிடுமே”ன்னு ஒருத்தர் கேட்டார். ரெவலோட அமெரிக்கத் தாய்க் கம்பெனி ஹாபிகோ 2018 ஜனவரியில திவால் மனு போட்டுச்சு. அதே வருஷம் ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் ரெவலை வாங்கிடுச்சு. பெட்டிகள் திரும்பக் கடைக்கு வந்துட்டே இருக்கு. கம்பெனி சாகும், அச்சு சாகாது, யாராவது வாங்கிடுவாங்க. உண்மையிலேயே அபூர்வமான, அச்சே அழிஞ்சு போன கிட்டுகள் இருக்கு, அதுக்கு நல்ல விலை கொடுக்கற சேகரிப்பாளர்களும் இருக்காங்க. ஆனா அதை அடையாளம் காண இருபது வருஷ அனுபவம் வேணும், வாங்கறவங்களும் பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்காங்க. இங்க இருந்து அனுப்பற செலவுலயே லாபம் கரைஞ்சிடும்.

வர்ற வழியிலயும் செலவுதான். சுங்க வரிப் பட்டியல்ல இந்த அளவு மாடல்கள் பொம்மைகளோட ஒரே தலைப்புலதான் வருது, 9503. அந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரி 2020ல 60 சதவீதம் ஆச்சு, 2023ல 70 ஆச்சு. அதுக்கு மேல ஜிஎஸ்டி, கூரியர்காரர் கட்டணம், கார்டுல டாலர் மாத்தற மார்க்அப். வெளிநாட்டுல 30 டாலர்னு பாத்து ஆர்டர் போடறவங்க, வீட்டு வாசல்ல என்ன விலைன்னு முதல்ல கணக்குப் போடுங்க, அந்த நாள் வரி விகிதத்தையும் பாத்துக்கோங்க. இவ்ளோ வரி கட்டி வாங்கின பொருளுக்கு, வாங்கின நிமிஷத்துலயே ‘முதலீடு’ பெரிய நஷ்டத்துல நிக்குது. பங்குச் சந்தையில யாராவது இப்படி என்ட்ரி லோடு கேட்டா ஓடிட மாட்டீங்களா?

“சரி சார், விக்க வேண்டாம், கட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கலாமே?” வருமே இந்தக் கேள்வி. ஹாபியைச் சைடு இன்கம் ஆக்குங்கன்னு சொல்லாத நிதி சேனல் இருக்கா? ஒரு காரை 10,000க்குக் கட்டிக் கொடுத்தீங்கன்னா, பொருள் 5,000 போக 5,000. அறுபது மணி நேரத்துக்கு. மணிக்கு மறுபடியும் அதே 83 ரூபாய்! நான் ஆர்ட்டிகிள்ஷிப்ல வாங்கின ஸ்டைபண்ட் ஞாபகம் வருது. மேல, வாடிக்கையாளர் கலர் சரியில்லைன்னு வாட்ஸ்அப்ல போட்டோ போடுவார். ஞாயித்துக்கிழமை நீங்க ஓய்வா உக்காந்த மேஜை இன்னொரு ஆபீஸ் ஆயிடும்.

அப்படியும் பண்றீங்கன்னா வரி விஷயம் தெரிஞ்சு பண்ணுங்க. அது தொழில் வருமானம். சம்பளத்தோட சும்மா ஐடிஆர்-1ல போட்டு முடிக்க முடியாது, ஐடிஆர்-3 அல்லது 4க்குப் போகணும். ஏர்பிரஷ் வாங்கின செலவுல நஷ்டம் காட்டி சம்பளத்துல கழிச்சிடலாம்னு ஒரு ஐடியா சுத்துது, அது நடக்காது. தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட ஈடுகட்ட சட்டத்துல இடமில்லை. நீங்க சொந்த ஆசைக்கு வச்சிருந்த கிட்டை எப்பவாவது ஒண்ணை வித்தா, சொந்த உபயோகப் பொருள்னு மூலதன ஆதாயத்துல இருந்து தப்பலாம். ஆனா விலை ஏறினதும் விக்கணும்னே நாப்பது பெட்டி வாங்கி, திறக்காம வச்சு, எக்ஸெல்ல ‘அசெட்’னு எழுதி வச்சிட்டு, அதிகாரிகிட்ட ‘சொந்த உபயோகம் சார்’னு சொன்னா அவர் சிரிப்பார்.

எனக்கு இதுல பணத்தை விடவும் எரிச்சல் தர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. மறுவிற்பனை மதிப்பை மனசுல வச்சிருக்கறவன் கூரையை அறுக்கவே மாட்டான். ரம்பத்தை எடுத்ததுமே ‘வேல்யூ போயிடுமே’ன்னு கை நடுங்கும். ஹாட் ராடோட அர்த்தமே கம்பெனி கொடுத்ததை அறுத்துப் போடறதுதானே? 1946ல அந்தப் பசங்க இந்த 32 ஃபோர்டு ஒரு நாள் கோடிகளுக்குப் போகும்னு நினைச்சு உறை போட்டு மூடி வச்சிருந்தா ஹாட் ராட்னு ஒரு விஷயமே வந்திருக்காது. இன்னைக்கு அதே பாடியைப் புது இரும்புத் தகட்டுல அடிச்சு விக்கிறாங்க, பணக்காரங்க வாங்கறாங்க, ஏசி கராஜ்ல நிறுத்தறாங்க. காசில்லாதவன் கண்டுபிடிச்ச விளையாட்டு காசுள்ளவன் கைக்குப் போன கதை. பிளாஸ்டிக்லயும் அதுவே நடக்குது. ரெசின் என்ஜின், உலோகத் தகட்டு கிரில், 3டி பிரின்ட் சக்கரம்னு 3,500 ரூபாய் கிட்டுக்கு மேல 9,000க்குப் பாகம் வாங்கி, ‘ஓல்டு ஸ்கூல்’னு பேர் வைக்கிறாங்க. வாங்கட்டும், அவங்க காசு. ஆனா முதல் சம்பளம் வாங்கற பையன் அந்தப் போட்டோவைப் பாத்து, அதுதான் நுழைவுக் கட்டணம்னு நினைச்சு, கம்ப்ரஸரை நோ-காஸ்ட் ஈஎம்ஐல போடறான். அந்த ஈஎம்ஐ பேர்லதான் நோ-காஸ்ட். பிராசஸிங் கட்டணம் இருக்கும், வட்டி மேல ஜிஎஸ்டி இருக்கும், ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்க.

என் வீட்டுல இதுக்கு ஒரே ஒரு விதி. ஒரு பெட்டி மேஜையில, ஒரு பெட்டி அலமாரியில, மூணாவது பெட்டி வரணும்னா முதல் கார் முடிஞ்சிருக்கணும். பட்ஜெட் ஷீட்டுல ‘பொழுதுபோக்கு’ங்கற வரிசையில போகும், சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் பக்கத்துல. ஏர்பிரஷ் மூணு கார் கட்டின பிறகு, போனஸ்ல, முழுக் காசு கொடுத்து. அதுக்கு முன்னாடி அது உங்களுக்குத் தேவையான்னே தெரியாது. என் நண்பர்கள்ல ரெண்டு பேர் முதல் கார் பாதியிலேயே கேரம்போர்டுக்குத் திரும்பிட்டாங்க. நல்லதுதான், 5,000ல தெரிஞ்சுது.

அந்தத் தம்பிக்கு நான் எழுதினது இதுதான். மிச்சம் இருக்கற 34ல கட்டணும்னு நிஜமாவே ஆசை இருக்கற எட்டை எடுத்து வைங்க. மீதி 26ஐ வந்த விலைக்கு, மொத்தமா எடுக்கற ஆள் கிடைச்சா அவர்கிட்ட, நஷ்டத்துக்கே விடுங்க. அந்தக் காசை அப்படியே லோன்ல கட்டுங்க, ஃபோர்க்ளோஷர் கட்டணம் எவ்ளோன்னு கேட்டுட்டு. விலை ஏறும்னு காத்திருக்காதீங்க, லோன் வட்டி உங்களுக்காகக் காத்திருக்காது. லோன் முடிஞ்சதும் அதே ஈஎம்ஐ தொகையை ஆட்டோ டெபிட்டா ஒரு ரெக்கரிங் டெபாசிட்டுக்கு மாத்துங்க, ஆறு மாசச் செலவு சேர்றவரைக்கும். எக்ஸெல்ல அந்த ‘அசெட்’ காலத்தை டெலீட் பண்ணுங்க.

எட்டுல முதல்ல எதைத் திறக்கறதுன்னு கேட்டார். 1932 ஃபோர்டு கூப் ஒண்ணு இருக்காம். உறையைக் கிழிங்க, கூரையில 3 மில்லிமீட்டர்னு பதில் போட்டேன். ரம்பம் மட்டும் நல்லதா வாங்கச் சொன்னேன், மட்டமான பிளேடுல தூண் உடைஞ்சிடும்.

ஐடிஆர்-4ல சைடு இன்கம் எப்படிக் காட்டறதுன்னு அடுத்த வீடியோவுல ஃபார்மைத் திறந்து வச்சே காட்டறேன். உங்க வீட்டுப் பரண்ல எத்தனை திறக்காத பெட்டி இருக்குன்னு, கார் கிட் ஆனாலும் சரி, கேமரா லென்ஸ் ஆனாலும் சரி, எண்ணிப் பாத்து கமென்ட்ல போடுங்க. வாங்கின விலையையும் சேர்த்துப் போடுங்க.